தொடாமலே ஏறும் மின்

“ஏற்றப்பட்ட பொருள் உலோகத்துக்குத் தன் ஏற்றத்தைக் கொடுக்கவில்லையென்றால், உலோகத்துக்கு ஏற்றம் எங்கிருந்து வருகிறது?” என்று கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். ஏற்றமுள்ள பொருள் தன் ஏற்றத்தைக் கொடுக்காமலே அருகிலுள்ள உலோகத்தை ஏற்றும் இந்த நிலைமின் தூண்டலை நான் படித்த காலத்தில் கரும்பலகையில் மட்டுமே கண்டேன்; அவராவது கையால் செய்து பார்க்கட்டும்.

தொலைக்காட்சிப் பெட்டியோடு வரும் றெஜிபோம் துண்டொன்றை உலர்ந்த தலைமுடியில் தேய்த்தால் அது மறையேற்றம் பெறும். நடுவில் றெஜிபோம் குவளையொன்றைக் கைபிடியாக ஒட்டிய சில்வர் தட்டை அதன்மேல் வையுங்கள். றெஜிபோம் மின்னைக் கடத்தாத காவலியாகையாலும், தட்டு அதனைச் சில புள்ளிகளில் மட்டுமே தொடுவதாலும், அதிலுள்ள இலத்திரன்கள் தட்டுக்குத் தாவுவதில்லை. ஆனால் தட்டுக்குள் சுதந்திரமாகத் திரியும் இலத்திரன்கள் விலக்கப்பட்டு மேற்பரப்புக்கு ஒதுங்க, அடிப்பரப்பில் நேரேற்றம் எஞ்சும். இந்நிலையில் தட்டைத் தூக்கினால் எல்லாம் பழையபடி கலந்துவிடும்.

தூக்குமுன் தட்டை விரலால் தொட வேண்டும். ஒதுங்க இடம் தேடிய இலத்திரன்கள் நம் உடல்வழியே நிலத்துக்கு ஓடும்போது ‘டிக்’ என்ற ஒலி கேட்கும். இருட்டறையில் சிறு பொறியும் தெரியும். விரலை எடுத்த பின்னரே தட்டைத் தூக்க வேண்டும். விரல் தொட்டிருக்கத் தூக்கினால் ஓடியவை அதே வழியாகத் திரும்பிவிடும். முறையாகச் செய்தால் றெஜிபோமுக்கு எதிரான நேரேற்றம் தட்டில் தங்கும். ஆகவே தட்டின் ஏற்றம் றெஜிபோம் கொடுத்ததன்று, நிலம் வாங்கிக்கொண்டதன் மிச்சம். அது 0.1 மைக்குரோகூலோம் (கூலோம் என்பது ஏற்றத்தின் அலகு) என்றால், வெளியேறியவை ஏறத்தாழ 62,000 கோடி இலத்திரன்கள். தட்டிலுள்ள அணுக்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது இலட்சம் கோடியில் ஒரு பங்குகூட ஆகாது.

றெஜிபோமை மீண்டும் தேய்க்காமலே இதைப் பலமுறை செய்யலாம் என்பதே எனக்கு இன்றும் தெவிட்டாத பகுதி. சுவீடனின் யோகான் வில்க்கே 1762இல் செய்த இக்கருவியை 1775இல் பரப்பிய இத்தாலிய அறிஞர் வோல்ற்றா, ‘நிரந்தரம்’ என்ற அடைமொழியோடுதான் அதற்குப் பெயரிட்டார். இலவச மின்சாரம் என்று காணொளி போடுவோர் இதைக் கண்டால் விடமாட்டார்கள். உண்மையில் அச்சக்தி நம் கையிலிருந்து வருகிறது: எதிரெதிர் ஏற்றங்களின் கவர்ச்சியை எதிர்த்துத் தட்டைத் தூக்குகையில் நாம் செய்யும் வேலையே அடுத்த பொறியாக வெடிக்கிறது.

இதைச் சோளகம் வீசும் வரண்ட நாள்களில் செய்வதே நல்லது. மாரி பிடித்துவிட்டால் றெஜிபோமின்மேல் படியும் ஈரப்படலம் ஏற்றத்தை மெல்லக் கசியவிட்டு, எத்தனைமுறை தேய்த்தாலும் ஒரு ‘டிக்’ கூடக் கேட்காமல் செய்துவிடும்.