கட்டைக்குள்ளே நடக்கிற வேலை

வால்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் காட்டோரமாக நடந்தால், விழுந்து கிடக்கிற கட்டைகளில் ஏதாவது ஒன்றிலாவது தட்டுத் தட்டாகக் காளான் பூத்திருக்கும். விசிறியை ஒட்டி வைத்த மாதிரி சில, காது மடல் மாதிரி தொளதொளவென்று சில. மரம் அழுகிப்போச்சு, அதனால் காளான் வந்துவிட்டது என்றுதான் பார்க்கிற எல்லோரும் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த மரத்தை மக்கவைத்ததே காளான்தான். வெளியே குடை தலைகாட்டுவதற்குப் பல மாதம் முன்பே, சில சமயம் பல வருஷம் முன்பே, அது உள்ளே வேலையைத் தொடங்கியிருக்கும்.

தளர்ந்த பட்டை ஒன்றை லேசாகப் பெயர்த்துப் பாருங்கள். அடியில் வெள்ளை நூல்கள் கிளை கிளையாகப் பிரிந்து மரத்தோடு ஒட்டிக் கிடக்கும். அந்த நூல்கள்தான் அதன் உடம்பு. வெளியே தெரிகிற குடை, வித்துகளைக் காற்றில் விடுவதற்காக அது எழுப்புகிற உறுப்பு, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற நூலே பல இழைகள் சேர்ந்தது, தனி இழை ஒன்று நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். இதற்கு வாயும் கிடையாது, வயிறும் கிடையாது, நொதிகளை வெளியே கசியவிட்டு, மரத்தை இருக்கிற இடத்திலேயே கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும்.

கரைப்பது லேசான காரியம் இல்லை. மரத்தில் இருக்கிற செல்லுலோஸ், சர்க்கரை மணிகளை வரிசையாகக் கோத்த சரம் மாதிரி, அதை வெட்டத் தெரிந்த நுண்ணுயிர்கள் நிறைய உண்டு. ஆனால் அந்தச் சரங்களைச் சுற்றிப் பூசி இறுக்கியிருக்கிற லிக்னின் என்ற பொருள் இருக்கிறதே, மரத்தின் எடையில் 20 முதல் 30 சதவீதம் வரை அதுதான், அதன் அமைப்பில் ஒரு ஒழுங்கே கிடையாது. கண்டபடி பின்னிக் கிடக்கும், ஒரு இடத்தில் பொருந்துகிற நொதி அடுத்த இடத்தில் பொருந்தாது. காளான் இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையோடு லிக்னினிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கிவிடுகிறது, நிலை தடுமாறிய லிக்னின் அதற்கப்புறம் தானாகவே உடைகிறது. இதைச் செய்கிற லிக்னின் பெராக்சிடேஸ் என்ற நொதியை விஞ்ஞானிகள் 1983இல்தான் அடையாளம் கண்டார்கள்.

எல்லாக் காளானும் இப்படிச் செய்வதில்லை. மக்கிய கட்டையைக் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். வெளுத்துப்போய், ஈரமாக, நார் நாராகப் பிய்ந்து வந்தால் லிக்னினும் போய்விட்டது என்று அர்த்தம், இது வெள்ளை அழுகல். பழுப்பேறி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் தூளாகிப்போனால் அது பழுப்பு அழுகல், அங்கே செல்லுலோஸை எடுத்துக்கொண்டு லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. பைன் மாதிரி ஊசியிலை மரங்களில் பழுப்பு அழுகல் அதிகம், அகன்ற இலை மரங்களில் பெரும்பாலும் வெள்ளைதான்.

சரி, மரத்தில் மாவுச்சத்து வகையறா ஏராளம், ஆனால் புரதம் கட்டத் தேவையான நைட்ரஜன் ரொம்பச் சொற்பம். அதற்கு என்ன செய்யும்? நம் ஊரில் வைக்கோல் பைகளில் வளர்த்து விற்கிறார்களே, சிப்பிக்காளான், அது காட்டில் கட்டைமேல் வளர்கிற இனம். அதன் இழைகளில் நுண்ணிய நச்சுக் குமிழ்கள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத நூற்புழு ஒன்று வந்து உரசினால் சில நிமிடத்தில் அசைவற்றுப்போகும். உடனே இழைகள் புழுவின் உடம்புக்குள் வளர்ந்து அதைக் கரைத்து உறிஞ்சிவிடும், குறைகிற நைட்ரஜன் அப்படிக் கிடைத்துவிடும். 1984இல் விஞ்ஞானிகள் இதை வெளியிட்டார்கள்.

ஒரே கட்டையில் இரண்டு மூன்று காளான்கள் குடியேறினால் எல்லைச் சண்டையும் வரும். குறுக்கே அறுத்தால் பேனாவால் கிறுக்கியது மாதிரி கறுப்புக் கோடுகள் தெரியும், ஒன்று மற்றொன்றைத் தடுக்கப் போட்ட மதில்கள் அவை.

இதெல்லாம் தெரிந்த பிறகு, காட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று விழுந்த கட்டைகளை இழுத்துப் போவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை. நின்றிருக்கிற மரத்திலும் இதே வேலை நடக்கிறது. ஆனைமலைக் காடுகளின் இருவாச்சிப் பறவைக்கு மரத்தைக் குடைந்து பொந்து போடத் தெரியாது. கிளை முறிந்த காயத்தின் வழியே காளான் நுழைந்து, நடுமரத்தை வருஷக்கணக்கில் மக்கவைத்து உண்டான பொந்து போன்ற ஒன்றைத்தான் அது தேடிப் போகிறது. பெட்டை உள்ளே போய் வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு முட்டையிடுவது அங்கேதான்.