மீனுக்கு முன்னால் குடியேற வேண்டியவை

உப்புநீர்த் தொட்டியில் வெப்பநிலை 25 பாகை செல்சியசிலும் உப்பளவு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராமிலும் நிலைத்துவிட்ட பிறகும், மீன் விடுவதற்கு ஏன் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நீர் தயாராகிவிட்டது, அதில் வாழ வேண்டிய நுண்ணுயிர்கள்தாம் இன்னும் வந்து சேரவில்லை.

மீன் தன் நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாகவே வெளியேற்றுகிறது. நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும். மின்னேற்றம் கொண்ட அம்மோனியம் அயனி செவுளின் சவ்வைக் கடக்கத் திணறும். மின்னேற்றமில்லாத அம்மோனியாவோ தடையின்றி உள்ளே நுழைந்து நஞ்சாகும். பிஹெச் 7 உள்ள நன்னீரில் இந்த இரண்டாம் வடிவம் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. பிஹெச் 8.2 உள்ள கடல்நீரில் அது ஏறக்குறைய பத்து மடங்காகிவிடுகிறது. நன்னீர்த் தொட்டியில் பிழைத்துப்போகும் கவனக்குறைவு இங்கே மீனைக் கொல்வது இதனால்தான்.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்களைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். அவை ஏன் இத்தனை மெதுவாகப் பெருகுகின்றன என்பதுதான் எனக்கு அலுக்காத செய்தி. சர்க்கரையைத் தின்னும் குடல் பாக்டீரியா வசதியான சூழலில் 20 நிமிடங்களில் இரட்டிப்பாகும். இவையோ அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துக் கிடைக்கும் சொற்ப ஆற்றலைக் கொண்டு, நீரில் கரைந்துள்ள கார்பன்-டை-ஆக்சைடிலிருந்து தம் உடலைத் தாமே கட்டிக்கொள்கின்றன. தாவரம் செய்யும் வேலைதான், ஆனால் சூரிய ஒளியின் துணையில்லாமல். வருமானம் குறைவு, செலவு அதிகம் என்பதால் ஒரு முறை இரட்டிப்பாகப் பல மணி நேரமோ, ஒரு நாளுக்கு மேலோ பிடிக்கிறது. ரஷ்ய நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி 1890-இல் இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டியதிலிருந்து நூறாண்டுக்கும் மேலாக, அம்மோனியாவை இவ்வாறு எரித்து வாழ்வது பாக்டீரியாவின் தனித்தொழில் என்றே கருதப்பட்டது. அது அப்படியல்ல, பாக்டீரியாவைப் போலத் தோன்றினாலும் தனி வகையைச் சேர்ந்த ஒற்றைச்செல் உயிர்களான ஆர்க்கியாக்களும் அதைச் செய்கின்றன என்று 2005-இல் மெய்ப்பித்த நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் என்னும் உயிர், சியாட்டில் நகரக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தின் தொட்டியொன்றில் கிடந்த சரளைக் கற்களிலிருந்து கிடைத்தது. அதன் உறவினங்கள் பெருங்கடல்களிலும் பெருந்தொகையாக வாழ்கின்றன. மீன்தொட்டிச் சரளையை ஆராய நிதி கேட்டால் சிரிக்கும் குழுக்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே தொடக்கத்தில் இந்த நுண்ணுயிர்கள் குடியேற நுண்துளைகள் நிறைந்த பாறையை அடுக்கி, மீனுக்குப் பதிலாக அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சிறிதளவு சேர்ப்பதே முறை. மலிவான மீனொன்றை விட்டுத் தொட்டியைப் 'பழக்குவது' கொடுமை என்பேன். நாள்தோறும் சோதனைக்குழாயில் நீரெடுத்து வினைப்பொருளைத் துளித்துளியாக விட்டால், அம்மோனியா இருக்கும்வரை மஞ்சள் நிறம் பச்சையாக மாறும். சில வாரங்களுக்குப் பின் ஒருநாள் அது மஞ்சளாகவே நிற்கும். நைட்ரைட்டும் மறைந்து, புதிதாகச் சேர்த்த அம்மோனியா ஒரே நாளில் தீர்ந்துபோனால் தொட்டி பக்குவப்பட்டுவிட்டது.

முதலில் பாசியை மேயும் நத்தைகளையும் துறவி நண்டுகளையும் விடலாம். ஒவ்வொரு புதுவரவும் கழிவைக் கூட்டும். அதற்கேற்ப நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், ஒரே நாளில் தொட்டியை நிறைக்கக் கூடாது. சண்டைக்கார இனங்களைக் கடைசியில் விட வேண்டும்; முன்னால் வந்தால் அவை தொட்டி முழுவதையும் தமதாக்கிக்கொள்ளும். பவளங்களில் காளான் பவளம் போன்ற மென்மையானவை தொடக்கநிலையாளரின் பிழைகளை ஓரளவு பொறுக்கும். சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டும் கடினப் பவளங்களுக்குக் கால்சியமும் காரத்தன்மையும் நிலைபெற்ற பழைய தொட்டியே ஏற்றது.

முதல் மீனாகக் கோமாளி மீன்களைச் சொல்வேன். கடலில் அவை அண்டி வாழும் கடற்சாமந்தி என்னும் உயிரினம் தொட்டியில் இல்லாமலும் நலமாக வாழும். ஆணா பெண்ணா என்று பார்த்து வாங்க வேண்டியதுமில்லை. அளவில் வேறுபட்ட இரண்டு குஞ்சுகளைச் சேர்த்து விட்டால், பெரியது நாளடைவில் பெண்ணாக மாறிவிடும், சிறியது ஆணாகவே தங்கிவிடும்.