பேஸ்பால் ரிலீவர் இழந்தது திறமையையா, அதிர்ஷ்டத்தையா?

2008இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா ஃபில்லீஸ் பேஸ்பால் அணியின் பிட்ச்சர் (பந்து வீசுபவர்) பிராட் லிட்ஜுக்கு, முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடிக்கும் வாய்ப்பு 48 முறை வந்தது. 48 முறையும் முடித்துக் கொடுத்தார். லீக் ஆட்டங்களில் 41, பிளேஆஃப்பில் 7. சாம்பியனை முடிவுசெய்யும் உலகத் தொடரின் கடைசி அவுட்டை எடுத்ததும் மைதானத்திலேயே முழங்காலிட்டு விழுந்தார். ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அடுத்த வருஷம் அதே லிட்ஜ், அதே அணி. 11 முறை முன்னிலையைக் கோட்டைவிட்டார். 8 தோல்விகள், ஒரு வெற்றிகூட இல்லை. ஒன்பது இன்னிங்ஸுக்கு (பிட்ச்சருக்கு மூன்று அவுட் எடுத்தால் ஒரு இன்னிங்ஸ், ஒன்பது சேர்ந்தால் ஒரு ஆட்டம்) எத்தனை ரன் கொடுக்கிறார் என்று சொல்லும் ஈ.ஆர்.ஏ. 1.95இலிருந்து 7.21க்கு எகிறியது. தலையில் வைத்தவர்களே கூச்சல் போட ஆரம்பித்தார்கள்.

ஒரு வருஷத்தில் ஒரு ஆள் இவ்வளவு மாற முடியுமா? கொஞ்சம் மாறலாம். ஆனால் இந்தத் தொழிலில் எண்கள் மனிதர்களைவிட வேகமாக மாறும்.

பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர் ஐந்தாறு இன்னிங்ஸ் வீசுவார். அவர் களைத்த பிறகு வருபவர்கள்தான் ரிலீவர்கள். அவர்களில் கடைசி, ஒன்பதாவது இன்னிங்ஸை முடித்துவைக்க வருபவர் குளோசர். நம் கிரிக்கெட்டில் கடைசி ஓவர் வீசுபவரைப் போல: நன்றாக வீசினால் கடமை, சொதப்பினால் தோல்வி முழுவதும் அவர் தலையில். தொடக்க பிட்ச்சர் ஒரு சீசனில் 180 இன்னிங்ஸ்வரை வீசும்போது ரிலீவருக்குக் கிடைப்பது 60, 65தான். அதுவும் ஒரு தடவைக்கு ஒரு இன்னிங்ஸ் வீதம், ஆறு மாதத்துக்குச் சிதறிக் கிடக்கும்.

இந்தச் சின்ன அளவு என்ன செய்யும் என்று பார்க்க, வரலாற்றிலேயே மிகச் சிறந்த குளோசரை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் யாங்கீஸின் மரியானோ ரிவேரா. 652 சேவ், அதாவது முன்னிலையைக் காத்து முடித்த ஆட்டங்கள். 2019இல் பேஸ்பாலின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒரு வாக்குகூட எதிராக விழாமல் தேர்வானவர். அவரும் 80 முறை கோட்டைவிட்டிருக்கிறார். கணக்குப் போட்டால் வெற்றி விகிதம் 89 சதவீதம்.

சரி, 89 சதவீதத் திறமையுள்ள ஒருவருக்கு ஒரு சீசனில் 40 வாய்ப்பு வருகிறது. அவர் திறமை முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒரு இம்மியும் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக நான்கைந்து முறை தோற்பார். ஆனால் வெறும் தற்செயலாலேயே ஒரு வருஷம் இரண்டு, இன்னொரு வருஷம் ஆறு என்று ஆடும். இன்னொரு கேள்வி: அந்த 40இல் எங்காவது அடுத்தடுத்து இரண்டு வாய்ப்புகளைக் கோட்டைவிட என்ன சாத்தியம்? பதில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. அதாவது ரிவேரா தரத்து ஆளுக்கே, எந்தக் கோளாறும் இல்லாமல், மூன்று சீசனுக்கு ஒரு தடவை ‘தொடர்ந்து இரண்டு சொதப்பல்’ வரும். அந்த வாரத்தில் ரசிகர்கள் பேசுவதை நினைத்துப் பாருங்கள். கை போய்விட்டது, மனசு உடைந்துவிட்டது, வேறு ஆளைப் போடு. பகடையை வீசினால் ஆறு அடுத்தடுத்து விழுவதில் யாரும் கதை தேடுவதில்லை. மனிதன் வீசினால் மட்டும் தேடுகிறோம்.

ஈ.ஆர்.ஏ. நிலைமை இன்னும் மோசம். மே மாத இறுதியில் ஒரு ரிலீவர் 20 இன்னிங்ஸ் வீசி 5 ரன் கொடுத்திருக்கிறார். ஈ.ஆர்.ஏ. 2.25, அருமை. மறுநாள் ஒரே ஒரு அவுட் எடுப்பதற்குள் 5 ரன் போய்விடுகிறது. இப்போது 4.43. ஒரு ராத்திரியில் நட்சத்திரம் சுமாரான ஆளாகிவிட்டார். தொடக்க பிட்ச்சருக்கு இதே அடி விழுந்தால் 180 இன்னிங்ஸில் அது கரைந்துபோகும்.

அந்த ரன்கள் யார் கணக்கில் ஏறுகின்றன என்பதிலும் ஒரு கூத்து இருக்கிறது. ஒரு பிட்ச்சர் எதிரணியின் மூன்று பேரை பேஸில் (ரன் எடுக்கச் சுற்றி ஓடும் வழியில் உள்ள தளங்களில்) ஏற்றிவிட்டுப் போகிறார்; அடுத்து வந்த ரிலீவர் முதல் பந்திலேயே அடி வாங்கி, மூவரும் ஓடி ரன் எடுத்துவிடுகிறார்கள். மூன்று ரன்னும் போனவர் கணக்கில். வந்தவரின் ஈ.ஆர்.ஏ. பளிங்கு மாதிரி சுத்தமாக இருக்கும். ரிலீவரின் முக்கிய வேலையே அடுத்தவர் வைத்த தீயை அணைப்பதுதான். அதை அணைத்தாரா என்பதை அவருடைய ஈ.ஆர்.ஏ. சொல்லவே சொல்லாது.

2001இல் வோரோஸ் மெக்ராக்கன் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். பேஸ்பால் புள்ளியியலில் அது ஒரு குண்டு. பேட்டர் பந்தை மைதானத்துக்குள் அடித்துவிட்டால், அது ஹிட்டாகுமா (பேட்டர் பேஸை எட்டுவாரா), ஃபீல்டர் கையில் சிக்குமா என்பதில் பிட்ச்சருக்கு நாம் நினைப்பதைவிட மிகக் குறைந்த பங்குதான் என்றார். முதலில் யாரும் நம்பவில்லை. எல்லாருடைய எண்ணும் வருஷத்துக்கு வருஷம் குதித்து, 100க்கு 30 ஹிட் என்ற இடத்தைச் சுற்றியே திரும்பி வருவதைத் தரவில் பார்த்த பிறகு நம்பினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள், சிலருக்கு இதில் கொஞ்சம் சொந்தத் திறமையும் உண்டு என்று திருத்தின. அடிப்படை மட்டும் நிலைத்தது.

இதை ரிலீவருக்குப் பொருத்துங்கள். 65 இன்னிங்ஸில் சுமார் 270 பேட்டர்கள். ஸ்ட்ரைக்அவுட் (பேட்டர் அடிக்க முடியாமலே அவுட்டாவது), வாக் (தப்பான பந்துகளால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசமாகக் கிடைப்பது), ஹோம் ரன் (எல்லைக்கு வெளியே போகும் அடி) போக மைதானத்துக்குள் விழும் பந்துகள் 170 இருக்கும். 51 ஹிட் எதிர்பார்க்கலாம். தற்செயலின் சாதாரண ஆட்டமே ஆறு மேலே, ஆறு கீழே. ஒரு வருஷம் 45, மறு வருஷம் 57 என்றால் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு ஹிட்டும் ஒன்பதாவது இன்னிங்ஸில் விழுகின்றன! 2001 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ரிவேராவை வீழ்த்திய லூயிஸ் கொன்சாலெஸின் அடியை இன்றும் பார்க்கலாம். பலமான அடியே இல்லை. முன்னால் வந்து நின்ற ஃபீல்டர்களின் தலைக்கு மேலே மெல்ல எழும்பி, பின்னால் இருந்த வெற்றிடத்தில் விழுந்தது. கோப்பை அரிசோனாவுக்குப் போனது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஃபீல்டர்கள் தலையிடாத மூன்றை: ஸ்ட்ரைக்அவுட், வாக், ஹோம் ரன். இவற்றை மட்டும் வைத்துக் கட்டிய அளவுதான் எஃப்.ஐ.பி. அதிலும் மூன்றும் ஒரே வேகத்தில் உண்மை பேசுவதில்லை. ரஸ்ஸல் கார்ல்டன் என்ற ஆய்வாளர் போட்ட கணக்கில், ஸ்ட்ரைக்அவுட் விகிதம் ஏறக்குறைய 70 பேட்டர்களிலேயே பிட்ச்சரைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்துவிடுகிறது. வாக்குக்கு 170 வேண்டும். ஹோம் ரன்னுக்கு 1,300க்கு மேல். ரிலீவருக்கு அது ஐந்து வருஷம். அதற்குள் பலர் ஓய்வே பெற்றுவிடுவார்கள்.

இதை வைத்து லிட்ஜைத் திரும்பப் பாருங்கள். ஹோம் ரன் 2இலிருந்து 11 ஆனது. ரசிகர்களுக்குக் கண்ணில் பட்டது அதுதான். ஆனால் ஒரே வருஷத்தில் நம்பவே கூடாத எண் அதுதான். 2008இன் அந்த ‘2’ம் அதிர்ஷ்டம்தான், அதை அப்போது யாரும் சொல்லவில்லை. வாக் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. ஸ்ட்ரைக்அவுட் மட்டும் ஒன்பது இன்னிங்ஸுக்கு 12லிருந்து 9க்குச் சற்று மேலே இறங்கியது. இது உண்மையான சரிவின் அடையாளம். அந்த ஜூனில் முழங்கால் காயத்தோடு உட்காரவும் வேண்டியிருந்தது. ஆக ரசிகர்கள் முழுக்கத் தப்பில்லை. ஏதோ கெட்டிருந்தது. 7.21 அளவுக்குக் கெடவில்லை, அவ்வளவுதான். 2010இல் அவர் ஈ.ஆர்.ஏ. 2.96.

இன்றைக்கு இதைவிட வேகமாகப் பிடிக்க முடியும். 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ஒவ்வொரு பந்தின் வேகமும் சுழற்சியும் கையிலிருந்து விடுபடும் இடமும் அளக்கப்படுகின்றன. ரிலீவர் மோசமாக ஒரு வாரம் வீசினால் நான் முதலில் பார்ப்பது அவருடைய வேகத்தைத்தான். அது குறைந்திருந்தால் கவலைப்பட வேண்டியதுதான். அப்படியே இருந்தால் இன்னும் இரண்டு வாரம் பொறுக்கலாம்.

இறங்குமுகத்தைப் பற்றி மட்டும் பேசுகிறோம். ஏறுமுகமும் இதே ஏமாற்றுதான். ரிலீவர் ஃபெர்னாண்டோ ரோட்னியின் ஈ.ஆர்.ஏ. 2011இல் 4.50, 2012இல் டம்பா பேவுக்கு வந்து 0.60, அன்றைய ரிலீவர் சாதனை, 2013இல் 3.38. அந்தச் சாதனையை 2016இல் பால்டிமோரின் ஸாக் பிரிட்டன் 0.54 என்று முறித்தார். மறு வருஷம் 2.89. யாராலும் 0.54இல் குடியிருக்க முடியாது.

பிரிட்டனின் அந்த 2016க்கு இன்னொரு முடிவும் இருக்கிறது. சேவ் என்ற கணக்கை உருவாக்கியவர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ பத்திரிகையாளர். 1969இல் அது அதிகாரபூர்வமானது. ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று ரன் முன்னிலையோடு வந்தாலும் ஒரு ரன் முன்னிலையோடு வந்தாலும் கணக்கில் ஒரே ஒரு சேவ்தான் ஏறும், முதலாவது எவ்வளவு சுலபமானாலும். மேலாளர்கள் மெல்ல மெல்ல இந்தக் கணக்குக்காகவே குளோசரைப் பத்திரப்படுத்தத் தொடங்கினார்கள். 2016 அக்டோபரில் டொரான்டோவில், அந்த ஊர் அணிக்கும் பால்டிமோருக்கும் தோற்றால் வெளியேறும் ஆட்டம், 2-2 சமநிலை. அந்த சீசனில் 47 வாய்ப்பில் 47ஐயும் முடித்த பிரிட்டன், ரிலீவர்கள் தயாராகும் இடமான புல்பென்னில் காத்திருந்தார், முன்னிலை வரட்டும் என்று. முன்னிலை வரவே இல்லை. பதினோராவது இன்னிங்ஸில் பால்டிமோரின் உபால்டோ ஹிமெனெஸ் வீசிய பந்தை டொரான்டோவின் எட்வின் என்கர்னாசியோன் ஹோம் ரன்னாக அடித்தார். பிரிட்டன் ஒரு பந்துகூட வீசாமல் வீட்டுக்குப் போனார். அதே மாதம் கிளீவ்லாந்து மேலாளர் டெர்ரி ஃபிராங்கோனா, தன்னுடைய சிறந்த ரிலீவர் ஆண்ட்ரூ மில்லரை ஐந்தாவது, ஏழாவது இன்னிங்ஸ் என்று ஆட்டம் எங்கே முறுக்கேறுகிறதோ அங்கே இறக்கினார். அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது மில்லருக்குக் கிடைத்தது.