கர்சர் நகர்ந்துவிட்டால் மவுஸ் டிரைவர் முடிந்துவிட்டதா?

பொட்டலம் கட்டும் இயந்திரம் ஒன்றின் கட்டுப்பாட்டுத் திரையைச் சரிபார்க்கச் சென்ற மாதம் அழைத்திருந்தார்கள். திரையிலுள்ள பட்டனை மவுஸால் அழுத்திப் பிடித்திருக்கும் வரை பெல்ட் நகர வேண்டும், விட்டதும் நிற்க வேண்டும். அப்படிப் பிடித்திருந்தபோது யூஎஸ்பி வயர் கழன்றுவிட, பணியாளர் விரலை எடுத்த பின்பும் பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. அவசர நிறுத்தப் பட்டன் மென்பொருளைச் சாராமல் தனி வயரில் இருந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. இந்தக் கோளாறை நான் பார்ப்பது இது மூன்றாவது முறை. மவுஸ் நிகழ்வுகளை வாசித்துத் திரைக்குத் தரும் மவுஸ் டிரைவர் ப்ளக்இன்னை எழுதியவர் சொன்ன பதிலும் பழையதுதான்: "என் மேசையில கர்சர் நல்லாதான் நகர்ந்துது சார்."

வயர் கழன்றதும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், வாசிக்க முயலும் நிரலிடம் ‘சாதனம் இல்லை’ என்ற பிழையைத் திருப்பித் தருகிறது. அவருடைய நிரல் அதைக் கண்டதும் பேசாமல் திரும்பிவிட்டது. ஆகவே ‘இடது பட்டன் அழுத்தப்பட்டுள்ளது’ என்ற கடைசி நிலை அப்படியே தங்கிவிட்டது. அந்தப் பிழை வந்த கணமே எல்லாப் பட்டன்களையும் விடுவித்ததாக அறிவித்து, மவுஸை வாசிக்கத் திறந்து வைத்திருக்கும் சாதனக் கோப்பை மூடிவிடுங்கள். மூடாமல் விட்டால் அடுத்த நிகழ்வுக்கான காத்திருப்பு உடனுக்குடன் கலைந்து, பிராசஸர் வீணாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

என்னை மிகவும் சலிப்படையச் செய்வது, ‘ஒரு நிகழ்வு என்றால் ஒரு நகர்வு’ என்ற எண்ணம். மவுஸ் போன்ற சாதனங்களின் நிகழ்வுகளை நிரல்களுக்குத் தரும் லினக்ஸின் ஈவ்டெவ் அப்படித் தருவதில்லை. கிடை அச்சின் நகர்வு ஒரு நிகழ்வு, செங்குத்து அச்சின் நகர்வு இன்னொரு நிகழ்வு, பட்டன் மற்றொன்று. அசையாத அச்சுக்கு எதுவுமே வராது. இவையெல்லாம் சேர்ந்து ஒரே அசைவு என்பதைக் கடைசியில் வரும் ‘சின் ரிப்போர்ட்’ என்ற குறிப்பு நிகழ்வுதான் சொல்கிறது. அது வரும்வரை சேர்த்து வைக்காமல் ஒவ்வொன்றையும் வந்தவுடன் திரைக்கு அனுப்பினால், சாய்வாக இழுத்த கோடு படிக்கட்டாகிறது. நகர்வும் அழுத்தமும் ஒன்றாக வரும்போது பக்கத்துப் பட்டன் அழுந்திவிடுகிறது. ‘சின் டிராப்ட்’ வந்தால் நிகழ்வுகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் கெர்னலின் இடையகம் நிரம்பிச் சில நிகழ்வுகள் தொலைந்துவிட்டன என்று பொருள். அடுத்த சின் ரிப்போர்ட் வரை வருவதை விட்டுவிட்டு, பட்டன்களின் உண்மை நிலையைக் கெர்னலிடமே கேட்டுப் பெறுங்கள்.

நிகழ்வின் அளவை 16 பைட் என்று எண்ணாக எழுதிவிடாதீர்கள்; 64 பிட் அமைப்பில் அது 24. ‘ஈவென்ட் 2’ போன்ற சாதனக் கோப்புப் பெயர்களையும் நம்பாதீர்கள். அடுத்த முறை இயக்கும்போது எண் மாறக்கூடும்.

இன்னொரு வேண்டுகோள். திரை மென்பொருள் எழுத உதவும் க்யூட்டி 4-இன் எம்பெடட் (இயந்திரங்களுக்குள் பொதிந்த கணினிகளுக்கான) பதிப்பில் மவுஸ் டிரைவர் ப்ளக்இன்னுக்கென்றே ஒரு வகுப்பு இருந்தது. 2012-இல் வந்த க்யூட்டி 5 அந்தப் பதிப்பின் சாளர அமைப்பையே கைவிட்டு, ஈவ்டெவ் மவுஸ் ப்ளக்இன்னை ஆயத்தமாகவே தருகிறது. பழைய நிரலை ஒட்டுப்போட்டுப் புதிதாக எழுதும் முன் அது போதுமா என்று பாருங்கள்.

எதைப் பயன்படுத்தினாலும், பட்டனை அழுத்திப் பிடித்தபடியே வயரைப் பிடுங்கிப் பாருங்கள். பத்து முறையாவது செய்யுங்கள். அதற்கு முன் மோட்டாருக்குப் போகும் மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.