பொரிக்காத பாம்பு முட்டையைக் குப்பையில் போடுவதற்கு முன்

பால் பைத்தான் (Ball python, வீடுகளில் வளர்க்கப்படும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) முட்டை பொரிக்கவில்லை என்றதும் வளர்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஆண் பாம்பு சரியில்லையா டாக்டர்?" என்பதுதான். முட்டை எங்கே என்று திருப்பிக் கேட்டால் அது ஏற்கெனவே குப்பைக்குப் போயிருக்கும். கூடவே பதிலும் போய்விடுகிறது. கரு உருவானதா, உருவாகி எந்தக் கட்டத்தில் இறந்தது என்பதையெல்லாம் வெளியிலிருந்து பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. திறந்து பார்த்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

கோழி முட்டையை அளவுகோலாக வைத்துக்கொண்டு பாம்பு முட்டையைப் பார்ப்பதால் வரும் குழப்பம் நிறைய. கோழி முட்டையிடும்போது கரு வெறும் செல்தட்டு மட்டுமே. பாம்பு முட்டை வெளியே வரும்போதோ கரு நன்றாக வளர்ந்து, இதயம் துடித்துக்கொண்டிருக்கும். ஆகவே முட்டையிட்ட அன்றே இருட்டறையில் சிறிய எல்.இ.டி. டார்ச்சை ஓட்டோடு ஒட்டிப் பிடித்தால், உட்பக்கம் கிளைவிட்டு ஓடும் சிவந்த ரத்த நாளங்கள் தெரிய வேண்டும். ஒன்றுமே இல்லாமல் முழுக்க மஞ்சளாகத் தெரிந்தால் இரண்டு வாய்ப்புகள் உண்டு: கருவுறவே இல்லை, அல்லது தாயின் வயிற்றிலேயே கரு மிக ஆரம்பத்தில் இறந்துவிட்டது. வெறுங்கண்ணால் இவற்றைப் பிரித்தறிய முடியாது. மஞ்சள் கருவைச் சுற்றியுள்ள சவ்வுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, அதில் விந்தணு ஒட்டியிருக்கிறதா என்று நுண்ணோக்கியில் தேடினால்தான் தெரியும். எனவே குறிப்பேட்டில் 'கருவுறாத முட்டை' என்று எழுதாதீர்கள். 'வளர்ச்சி தெரியவில்லை' என்று எழுதுங்கள். அந்த ஒரு தவறான குறிப்பை நம்பி நல்ல ஆண் பாம்பை ஒதுக்கிவைப்பவர்கள் இருக்கிறார்கள். சிறியதாக, மஞ்சளித்து, மெழுகுபோல் கெட்டியாக வரும் 'ஸ்லக்' முட்டைக்கும் இதே விதிதான்.

திறப்பதற்கு முன் முட்டை இறந்தது உறுதியாக வேண்டும். இதில் அவசரம் கூடவே கூடாது. பால் பைத்தான் முட்டை 31–32 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 55–60 நாட்களில் பொரிக்கும். கடைசி இரண்டு வாரங்களில் ஓடு லேசாகக் குழிவது இயல்பு. அதற்கு முன்பே குழிந்தால் ஈரம் போதவில்லை என்று பொருள், சாவு என்று பொருளல்ல. மேலே பூஞ்சை படர்ந்திருப்பது மட்டுமே சாவுக்குச் சான்றாகாது. பெரும்பாலும் செத்த முட்டையில்தான் பூஞ்சை ஏறுகிறது. பூஞ்சையால் முட்டை சாவது குறைவு. நாளங்கள் மறைந்து, உள்ளே கலங்கலாகவோ ஒரே கருமையாகவோ தெரிந்தால் இரண்டு நாள் விட்டு மறுபடி டார்ச் அடித்துப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்து, ஓடு தொய்ந்து, நாற்றமும் எழுந்தால் முடிவு செய்யலாம். பக்கத்து முட்டையோடு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். உயிருள்ள முட்டையின் ஓடு கிழிந்துவிடும். கூனல் முதுகுச் சிறு ஈக்கள் மொய்க்க ஆரம்பித்தால் மட்டும் தலையிடுங்கள். அவற்றின் புழுக்கள் செத்த முட்டையோடு நிற்காமல் பக்கத்து முட்டைக்கும் போகக்கூடும்.

எடுத்த முட்டையை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்தால் திசு சிதைந்து எதையும் படிக்க முடியாது. ஜிப் கவரில் போட்டு 4 டிகிரியில், சாப்பாட்டுப் பொருள் இல்லாத ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரே நாளுக்குள் திறந்துவிடுவது நல்லது. கையுறை, முகக்கவசம், கண்ணாடி மூன்றும் வேண்டும். ஊர்வனவற்றில் சால்மோனெல்லா கிருமி சாதாரணம். அழுகிய முட்டைக்குள் வாயு சேர்ந்திருந்தால் கத்தரி பட்டதும் பீய்ச்சி அடிக்கும்.

முதலில் எடை, நீளம், அகலம், எல்லாப் பக்கமும் புகைப்படம். பிறகு ஓட்டை 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். மேல்பக்கம் பென்சில் குறி போட்டிருப்பீர்கள் அல்லவா, அந்த இடத்தில் ஓட்டை மடித்துப் பிடித்து, நுனி வளைந்த சிறு கத்தரியால் ஆழமாகப் போகாமல் ஜன்னல்போல் வெட்டுங்கள். கத்தரியின் நுனி எப்போதும் மேல்நோக்கியே இருக்கட்டும். ஓட்டுக்கு அடியில் சவ்வு தெரியும். அதிலுள்ள நாளங்களைப் பார்த்துப் படமெடுத்த பின்பே அதைக் கிழிக்க வேண்டும்.

சில மில்லிமீட்டர் அளவில் சுருண்ட கரு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண், சுற்றி ஒரு ரத்த வளையம் என்றிருந்தால் அது ஆரம்பகாலச் சாவு. முட்டையை எடுக்கும்போது உருட்டிவிட்டார்களா, தாய் அளவுக்கு மீறிய சூட்டில் கிடந்ததா, முட்டையிடத் தாமதமானதா என்று அந்தத் திசையில் தேடுங்கள். கண்ணில் நிறம் ஏறியும் செதில் உருவாகாமல் இருந்தால் நடுக்காலச் சாவு. இன்குபேட்டரின் வெப்பநிலைப் பதிவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். செதிலும் உடல் வண்ணமும் வந்து, மஞ்சள் கரு அடங்கிய பை வயிற்றுக்கு வெளியே பெரிதாகத் தொங்கினால் பொரிப்பதற்குச் சற்று முன்னால் இறந்திருக்கிறது. வால் அடியில் இரண்டு மொட்டுகள் துருத்திக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். ஆண் கருவில் இனப்பெருக்க உறுப்பு அப்படித்தான் வெளியே இருக்கும், பிறகு உள்ளே போய்விடும்.

முழு வளர்ச்சி அடைந்து இறந்த குட்டிதான் அதிகம் சொல்லும். மேல்தாடை நுனியில் முட்டைப் பல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஓட்டின் உட்புறத்தைக் கழுவி வெளிச்சத்தில் பிடியுங்கள். கீறல்கள் இருந்து ஓடு பிளக்காமல் இருந்தால், குட்டி முயன்றிருக்கிறது; ஓடு காய்ந்து தோல்போல் இறுகியிருக்கலாம், குட்டிக்குப் பலம் போதாமலும் இருந்திருக்கலாம். கீறலே இல்லையென்றால் முயலும் முன்பே இறந்திருக்கிறது. கடைசி மூன்றில் ஒரு பங்கு காலத்தில் கருவுக்கு ஆக்சிஜன் தேவை வெகுவாகக் கூடும். முட்டைகளை வைத்த, காற்றே புகாத டப்பாவை வாரம் ஓரிரு முறையாவது திறந்து மூடியிருக்க வேண்டும். கழுத்தும் உடலும் நீர் கோத்து வீங்கியிருந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது. முட்டைக்கு அடியில் பரப்பும், ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட் 100 கிராமுக்கு 80 முதல் 100 கிராம் தண்ணீர் போதும். பிடித்துப் பிழிந்தால் சொட்டக் கூடாது.

நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டியது வெயில். இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. மே மாதம் அறை 36 டிகிரியில் கிடக்கும்போது தெர்மோஸ்டாட்டை 31.5-ல் வைத்து என்ன பயன்? அது ஹீட்டரை அணைத்துவிட்டு நிற்கும். முட்டையோ 36-லேயே வேகும். பால் பைத்தான் முட்டைகள் இன்குபேட்டரில் இருப்பதும் பெரும்பாலும் இந்தக் கோடையில்தான். முதுகெலும்பு கோணிய குட்டிகள் ஒரே ஈட்டில் (ஒரு முறை இட்ட முட்டைகளில்) பல இருந்தால் முதலில் சூட்டைச் சந்தேகியுங்கள். அறையை ஏ.சி.யால் 26–27 டிகிரிக்குக் கொண்டுவந்து, அதிகபட்சமும் குறைந்தபட்சமும் நினைவில் வைக்கும் தெர்மாமீட்டரின் சென்சாரை முட்டை டப்பாவுக்கு உள்ளேயே வையுங்கள். மின்வெட்டில் சில மணி நேரம் குளிர்வதைக் கரு ஓரளவு தாங்கும். சூட்டைத் தாங்காது.

எல்லாக் கோணலும் சூட்டால் வருவதல்ல. சூப்பர் சின்னமன், கேரமல் அல்பினோ போன்ற பால் பைத்தான் வண்ண வகைகளில் முதுகெலும்புக் கோணல் பரம்பரையாகவே வரும். ஸ்பைடர் என்ற வகையோடு ஸ்பைடரையோ, ஷாம்பெயின் வகையோடு ஷாம்பெயினையோ சேர்த்தால் அந்த மரபணுவை இரண்டு பக்கமும் பெற்ற கரு பிழைப்பதில்லை. ஸ்பைடருக்குப் பிறவியிலேயே தலை நடுக்கமும் உண்டு. வண்ணத்துக்காக மட்டும் இந்தச் சேர்க்கைகளைச் செய்யாதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இங்கே சொன்னதெல்லாம் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தானுக்கு. அதுவும் சைட்டீஸ் (காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருப்பதால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தின்படி பதிவு செய்துதான் வைத்திருக்க வேண்டும். நம் காட்டு மலைப்பாம்பின் முட்டையைக் கண்டால் தொடாமல் வனத்துறையிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரே பெண் பாம்பு அடுத்தடுத்த ஈடுகளில் நாற்றமெடுத்த, ரத்தக் கறை படிந்த முட்டைகளை இட்டால் கருக்குழாயில் தொற்று இருக்கலாம். பாம்பையும் மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆய்வகத்துக்கு அனுப்புவதானால், ஃபார்மலினில் (திசு அழுகாமல் காக்கும் திரவம்) போடும் முன்பே கிருமி வளர்ப்புக்கான மாதிரியை எடுத்துவிடுங்கள். ஃபார்மலின் பட்ட பிறகு கிருமி எதுவும் வளராது. துடைத்த ஓட்டின் வழியாகப் புது சிரிஞ்சில் மஞ்சள் கருவை உறிஞ்சினால் போதும். கருவை 10 சதவீத ஃபார்மலினில், அதன் பருமனைப்போல் பத்து மடங்கு திரவத்தில் மூழ்கவிடுங்கள். பெரிய குட்டியானால் வயிற்றைச் சிறிது கீறிவிட்டால்தான் உள்ளுறுப்பு வரை மருந்து இறங்கும். குப்பியின் மேல் தாய், தந்தை அடையாளம், முட்டையிட்ட தேதி, திறந்த தேதி, டப்பாவில் பதிவான உச்ச வெப்பநிலை ஆகியவற்றை அழியாத மையில் எழுதி அனுப்புங்கள்.