சிஸ்டர், உங்களுக்கு என்ன வாங்கித் தரட்டும்?

கடைசி ஊசி போடும் வாரத்தில் பெற்றோர் தவறாமல் கேட்பது இதைத்தான். குழந்தைகள் ரத்தப் புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். "ஒண்ணும் வேண்டாம்மா, பிள்ளை நல்லா இருந்தா போதும்" என்று சொல்லியே பழகிவிட்டது. ஆனால் யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை. சக்திக்கு மீறி எதையாவது வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அதனால்தான் ஒழுங்காகப் பதில் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

ஒரு அம்மா எனக்குப் பட்டுப்புடவை கொண்டுவந்தார். பையை நீட்டும்போது அவர் காதைப் பார்த்தேன். தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி. குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் வகைக்குச் சிகிச்சை இரண்டு, மூன்று வருடம் போகும். மருந்துக்குக் காப்பீடு கைகொடுத்தாலும் பஸ் செலவு, அறை வாடகை, வேலைக்குப் போகாததால் இழந்த கூலி எல்லாம் குடும்பத்தின் தலையில்தான். "கடையில திருப்பிக் கொடுத்துட்டு, அந்தக் காசை அடகு வட்டிக்குக் கட்டுங்கக்கா" என்றேன். அவர் முகம் வாடிப்போனது. இன்னும் மென்மையாகச் சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

இனிப்பு கொடுக்கலாமா? தாராளமாக. ஆனால் காலை 10 மணிக்கு வரும் பால்கோவா டப்பா 11 மணிக்குக் காலி. ராத்திரி டியூட்டிக்கு வருபவர்களுக்கு மிஞ்சுவது வெறும் டப்பாதான். விடியற்காலை 3 மணிக்கு உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியபோது ஓடிவந்தவர்கள் அவர்கள்தானே! முறுக்கு, கடலை மிட்டாய் மாதிரி நாலு நாள் தாங்குவதை வாங்கி, ஒரு பொட்டலத்தின் மேல் 'நைட் டியூட்டிக்கு' என்று எழுதிக் கொடுங்கள். பேனா கொடுத்தால் இன்னும் சந்தோஷம், எங்கள் பையில் பேனா தங்குவதே இல்லை. வாசனை இல்லாத கை கிரீமும் நல்லது. நாள் முழுக்கக் கை கழுவி, சானிடைசர் போட்டு, விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போய் இருக்கும்.

பூங்கொத்து மட்டும் வேண்டாம். கீமோவில் வெள்ளை அணுக்கள் குறைந்த குழந்தைகளுக்கு பூ ஜாடித் தண்ணீரில் வளரும் கிருமியும் தொட்டி மண்ணில் இருக்கும் பூஞ்சையும் ஆபத்து. அதே காரணத்துக்காக, சந்தோஷத்தில் மற்ற படுக்கைப் பிள்ளைகளுக்கு இனிப்பு நீட்டாதீர்கள். இன்னொன்றும் உண்டு. ஒருமுறை வார்டுக்குள்ளேயே கேக் வெட்டிக் கைதட்டினார்கள். பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு நோய் திரும்பிவிட்டது என்று முந்தைய நாள்தான் சொல்லியிருந்தோம். அந்த அம்மா சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஏற்கனவே மடித்து வைத்த துண்டையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். கொண்டாட்டத்தை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

பணம் கொடுக்காதீர்கள். சிகிச்சை நடக்கும்போது எந்தப் பரிசுமே வேண்டாம். கொடுத்தால்தான் கவனிப்பார்களோ என்று பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பயம் வந்துவிடும். யாராவது கேட்டு வாங்கினால் அதற்குப் பெயர் லஞ்சம். அரசு மருத்துவமனை என்றால் ஆர்.எம்.ஓ.விடம் (நிலைய மருத்துவ அலுவலர்) போங்கள், அரசின் சுகாதார உதவி எண் 104-க்கு அழையுங்கள். 2018-இல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டத்தில் லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால் 7 நாட்களுக்குள் போலீஸிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ புகார் கொடுத்துவிட வேண்டும்.

சரி, யாருக்குக் கொடுப்பது? டாக்டருக்கும் எங்களுக்கும் எப்படியும் வந்துவிடுகிறது. உங்கள் பிள்ளை வாந்தி எடுத்த கிண்ணத்தை முகம் சுளிக்காமல் கழுவிய தூய்மைப் பணியாளர் அக்கா, ஸ்கேனுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோன அண்ணன், ரத்த வங்கியில் இருப்பவர்கள், இவர்களை நினைத்துப் பாருங்கள். எங்களுக்குக் கொடுத்த அதே பொட்டலத்தை அவர்களுக்கும் கொடுங்கள், மிச்சத்தைக் கொடுக்காதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

காசே செலவில்லாதது ஒன்று உண்டு, கடிதம். புகார் எழுத்தில் வருகிறது, நன்றி பெரும்பாலும் வாயோடு போய்விடுகிறது. நர்சிங் சூப்பரின்டெண்டுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். 'எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்' என்று பொதுவாக எழுதினால் போதாது. எந்தத் தேதி, யார், என்ன செய்தார் என்று எழுதுங்கள். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் அக்காவுக்கு, 'இவர் நல்லவர்' என்று எழுத்தில் சொல்ல வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

அப்புறம், ரத்தம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) 5 நாள்தான் வைத்திருக்க முடியும், அதனால் எங்களுக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தம் கொடுக்கலாம். ஒரு அப்பா வருடா வருடம் மகளின் பிறந்தநாளுக்குத் தன் தெரு இளைஞர்களைக் கூட்டிவருகிறார். அந்த நாள் வந்தால் ரத்த வங்கியில் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடும்.

எனக்கென்று கேட்டால் ஒரு போட்டோ. மொட்டைத் தலையோடு மட்டுமே நாங்கள் பார்த்த பிள்ளைகள், முடி வளர்ந்த பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க அவ்வளவு ஆசை. டியூட்டி ரூம் அலமாரிக் கதவின் உள்பக்கம் அப்படிச் சில ஒட்டியிருக்கிறோம். போன ஜூனில் வந்ததில் ஒரு பையன் எண்ணெய் வழிய வகிடெடுத்து, தொளதொள யூனிஃபார்மில் விறைப்பாக நிற்கிறான். பின்பக்கம் பென்சிலில், 'ஆறாம் வகுப்பு, பி பிரிவு'.