மூன்று வீட்டுக் கணக்கு: சிறிய சேனல்களும் வியாழக்கிழமை எண்களும்

தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு வாரம் தொடங்குவது வியாழக்கிழமைதான். சனி முதல் வெள்ளி வரையிலான ஏழு நாள் பார்வைக் கணக்கை, தொலைக்காட்சிப் பார்வையை அளக்கும் பார்க் (BARC) நிறுவனம் அதற்கடுத்த வியாழனன்று வெளியிடும். பெரிய சேனல்களில் அன்று இனிப்பு வாங்குவார்கள், அல்லது ஏதாவது ஒரு தொடரின் கதையைத் திருப்புவார்கள். நான் வேலை பார்த்த இரண்டு சிறிய தமிழ்ச் சேனல்களிலும் எக்செல் தாளைத் திறந்ததும் எங்கள் பெயரைக் கீழிருந்து மேலாகத் தேடுவதே வழக்கமாக இருந்தது. போன வாரத்தைவிட எண் கூடியிருந்தால் முதலாளியின் அறையிலிருந்து காபி வரும். குறைந்திருந்தால் அழைப்பு வரும். அந்த எண் உண்மையில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதை அந்த அறையில் யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. பல ஆண்டுகள் நானும் பேசியதில்லை.

நாட்டில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் ஏறத்தாழ 21 கோடி என்பது 2020-ஆம் ஆண்டின் மதிப்பீடு. அவற்றில், எந்தச் சேனல் ஓடுகிறது என்று பதிவு செய்யும் மீட்டர் பொருத்தப்பட்டவை 55,000-க்குச் சற்று மேல். சராசரியாகப் பார்த்தால் ஒரு மீட்டர் வீடு 3,800 வீடுகளுக்குப் பதில் சொல்கிறது. ஒவ்வொரு சேனலும் தன் ஒலியோடு காதுக்குக் கேட்காத ஒரு குறியைச் சேர்த்து அனுப்புகிறது. வாட்டர்மார்க் எனப்படும் அந்தக் குறியை வீட்டிலுள்ள மீட்டர் அடையாளம் கண்டுகொள்கிறது. பார்ப்பது பாட்டியா பேரனா என்பது மீட்டருக்குத் தானாகத் தெரியாது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான் உண்டு. தொலைக்காட்சி முன் உட்காரும்போது அவரவர் பொத்தானை அவரவர் அழுத்த வேண்டும். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது ஓடிவந்து தொடரைப் பார்க்கும் பெண்மணி தன் பொத்தானைத் தவறாமல் அழுத்துவார் என்ற நம்பிக்கையின் மேல்தான் பல கோடி ரூபாய் விளம்பர வணிகம் நிற்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இதைவிட நல்ல முறையைக் கண்டுபிடிப்பது எளிதன்று. பெரிய சேனல்களுக்கு இந்த முறை ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. இடர்ப்பாடு முழுவதும் சிறிய சேனல்களுக்கே.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாநிலத்தில் 3,000 மீட்டர் வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து சதவீத வீடுகள் பார்க்கும் பெரிய சேனலின் தொடர் 300 வீடுகளில் பதிவாகும். மாதிரி எடுப்பதில் இயல்பாக வரும் பிழை அந்த எண்ணிக்கையை முப்பது, முப்பத்தைந்து வீடுகள் அளவுக்கு மேலும் கீழும் அசைக்கும். அதாவது பத்தில் ஒரு பங்கு. ஆயிரத்தில் ஒரு வீடு பார்க்கும் சிறிய சேனலின் மதிய நிகழ்ச்சிக்கு அதே மாதிரியில் கிடைப்பவை மூன்று வீடுகள். அந்த மூன்றில் ஒரு குடும்பம் கல்யாணத்துக்குப் போய்விட்டால் டிஆர்பி எனப்படும் அந்தப் பார்வை எண் மூன்றில் ஒரு பங்கு சரியும்; அடுத்த வாரம் அவர்கள் திரும்பிவந்து, கூடவே புதிதாக இன்னொரு வீடு எதேச்சையாக நம் சேனலில் நின்றுவிட்டால் எண் இரு மடங்காகும். புள்ளியியல் கணக்கின்படி அந்த மூன்று என்பது ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம். இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் தேடி, தொகுப்பாளரை மாற்றி, அரங்கத்தின் வண்ணத்தை மாற்றி, நேரத்தை மாற்றிக்கொண்டிருந்தோம்.

நான்கு வார சராசரியைப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும். செய்திச் சேனல்களின் டிஆர்பி வெளியீடு 2020 அக்டோபரில் மும்பைக் காவல்துறையின் முறைகேட்டு வழக்கைத் தொடர்ந்து நிறுத்தப்பட்டு, 2022 மார்ச்சில் மீண்டும் தொடங்கியபோது, அவற்றுக்கு வார எண்ணைக் கைவிட்டு நான்கு வாரச் சுழல் சராசரியையே பார்க் கொண்டுவந்தது. ஆனாலும் நான்கு வாரமும் பெரும்பாலும் அதே வீடுகள்தாம் என்பதால், சராசரி எடுத்ததாலேயே பிழை பெரிதாகக் குறைந்துவிட்டது என்று நம்பிவிட வேண்டாம்.

என் கையெழுத்தில் நடந்த ஒரு தவற்றை இங்கே சொல்ல வேண்டும். முதல் சேனலில் காலை 6.30 மணிக்கு ஒரு வேளாண் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஒளிப்பதிவாளர், ஒரு செய்தியாளர், ஒரு வாடகைக் கார், இவ்வளவுதான் செலவு. தொடர்ந்து ஐந்து வாரம் அதன் டிஆர்பி பூஜ்யம். குறைவு என்றால்கூட வாதாடியிருக்கலாம், பூஜ்யத்தோடு எப்படி வாதாடுவது? நிறுத்தலாம் என்று நானே குறிப்பெழுதி அனுப்பினேன். நிறுத்திய மூன்றாம் நாளிலிருந்து வரவேற்பறைத் தொலைபேசி ஓயவில்லை. சொட்டுநீர்ப் பாசனம் பற்றிய இரண்டாம் பகுதி எப்போது வரும் என்று கேட்டவர்கள் உண்டு. மானிய விண்ணப்பம் பற்றிச் சொன்ன அலுவலரின் பெயரைக் கேட்டவர்கள் உண்டு. பூஜ்யம் என்று நாங்கள் படித்தது, மீட்டர் வீடுகளில் அந்த நேரத்தில் யாரும் பார்க்கவில்லை என்பதை மட்டுமே. மீட்டர் இல்லாத கோடிக்கணக்கான வீடுகளைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

எண்ணின் பின்னால் ஓடும் சேனல் அடுத்து விழும் குழி லேண்டிங் பேஜ். செட்டாப் பாக்ஸை இயக்கியதும் முதலில் தெரியும் இடத்தைக் கேபிள் நிறுவனத்திடம் பணம் கொடுத்து வாங்குவதற்குத்தான் அந்தப் பெயர். பார்வையாளர் ரிமோட்டைத் தேடி எடுத்து வேறு சேனலுக்குப் போவதற்குள் கடக்கும் நொடிகளும் நிமிடங்களும் நம் கணக்கில் சேர வேண்டும் என்பதே நோக்கம். இத்தகைய பார்வையைப் பிரித்து ஒதுக்க பார்க் முயல்கிறது. அதையும் மீறி எண் ஏறினாலும், பணம் கட்டுவதை நிறுத்திய மாதமே அது பழைய இடத்துக்கு இறங்கிவிடும். ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் டிராய் 2017-இல் வகுத்த விதிகள், சேனலை ஏற்றிச் செல்லக் கேபிள் நிறுவனம் வாங்கும் கேரேஜ் கட்டணத்துக்குச் சாதாரண (எச்டி அல்லாத) சேனலுக்கு ஒரு சந்தாதாரருக்கு மாதம் 20 காசு என்று உச்சவரம்பு வைத்தன. ஆனால் நல்ல சேனல் எண்ணில் இடம், பெரிய சேனலுக்குப் பக்கத்தில் இடம் என்று சந்தைப்படுத்தல் ஒப்பந்தத்தின் பெயரில் கைமாறும் தொகைக்கு அத்தகைய வரம்பு இல்லை. நான் பார்த்த வரவு செலவுகளில் விநியோகச் செலவு, நிகழ்ச்சித் தயாரிப்புச் செலவைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு.

அதைவிட மோசமானது, மீட்டர் வீடுகளைக் காட்டுகிறேன் என்று வரும் தரகர். எனக்கும் அப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது: மூன்று ஊர், பத்து வீடு, மாதம் இவ்வளவு என்று மளிகைச் சாமான் விலை சொல்வதுபோல் சொன்னார். மூன்று வீட்டில் நிற்கிற சேனலுக்குப் பத்து வீடு என்றால் சபலம் வராமல் இருக்காது. மும்பை வழக்கில் எழுந்த குற்றச்சாட்டே, குறிப்பிட்ட சேனலைப் போட்டு வைக்க மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்பதுதான். அந்த அழைப்பை உடனே துண்டித்துவிட்டு, வந்த எண்ணையும் நேரத்தையும் நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது நல்லது. பேரம் பேசிப் பார்த்தோம், வாங்கவில்லை என்று பிற்பாடு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது நல்ல நிலைமை அன்று.

அப்படியானால் வருமானத்துக்கு வழி என்ன? பெரிய விளம்பர ஏஜென்சிகள் ஒரு டிஆர்பி புள்ளிக்கு எவ்வளவு செலவு என்ற கணக்கில்தான் பணத்தைப் பிரிக்கின்றன. அந்தக் கணக்கில் சிறிய சேனல் மிச்சத்தை மட்டுமே பெறும். அதிலும் 15 சதவீதம் ஏஜென்சிக் கழிவு போக, மீதித் தொகை மூன்று மாதம் கழித்து வரும். வட்டார விளம்பரதாரருக்கு இந்தக் கணக்கு ஒரு பொருட்டே இல்லை. ஜவுளிக்கடைக்காரர் ஆடித் தள்ளுபடியின்போது கூட்டம் வந்ததா என்று பார்ப்பார். கல்லூரி நிர்வாகி மே, ஜூன் மாதங்களில் எத்தனை பேர் விண்ணப்பம் கேட்டார்கள் என்று பார்ப்பார். விளம்பரத்தில் அதற்கெனத் தனியாக ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்து, அதில் வரும் அழைப்புகளை எண்ணினால், எந்த மீட்டர் வீட்டுக் கணக்கும் தராத ஓர் அளவுகோல் விளம்பரதாரர் கையிலும் நம் கையிலும் இருக்கும். இதற்கு மாவட்டம் தோறும் நடந்து பழகிய விற்பனையாளர்கள் வேண்டும். சென்னையில் உட்கார்ந்து விளம்பர விலைப்பட்டியலை மின்னஞ்சலில் அனுப்புவதால் இது நடக்காது.

கையில் பணமில்லாத மாதத்தில் எல்லாச் சிறிய சேனல்களும் எட்டிப் பிடிக்கும் கயிறு, அரைமணி நேர ஸ்லாட்டை மருத்துவ நிகழ்ச்சிக்கு விற்பது. முன்பணமாகக் கிடைக்கும் என்பதால் கணக்குப் பிரிவுக்கு இதில் மிகுந்த பிரியம். ஆனால் நீரிழிவையும் புற்றுநோயையும் குணப்படுத்தும் என்று ஒரு மருந்தை விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டப்படி குற்றம். ஸ்லாட்டை விற்றுவிட்டோம், பேசியது அவர்தான் என்று சொல்லி ஒளிபரப்பியவர் நழுவிவிட முடியாது. பேச்சுவடிவத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிப் படிக்காமல் ஒரு மருத்துவ ஸ்லாட்டையும் ஏற்றாதீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, அப்படியொரு நிகழ்ச்சியை நம்பி இன்சுலினை நிறுத்திவிட்ட ஒருவரின் மகன் எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து நின்றார். அவருக்குச் சொல்ல எங்களிடம் பதில் இல்லை.

டிஆர்பி இல்லாமலும் ஒரு நெட்வொர்க் பிழைக்க முடியும் என்பதற்கு அமெரிக்காவின் தி சிடபிள்யூ நல்ல பாடம். டபிள்யூபி, யுபிஎன் என்ற இரண்டு நலிந்த நெட்வொர்க்குகளை மூடிவிட்டு, அவற்றுக்கு மாற்றாக 2006-இல் தொடங்கியது அது. 18 முதல் 34 வயதுப் பெண்களைக் குறிவைத்தது. அந்நாட்டின் பெரிய நெட்வொர்க்குகளுக்கு அருகில் அதன் எண்கள் ஒருபோதும் வந்ததில்லை. ஒளிபரப்பில் நட்டம்தான். ஆனால் அதன் உரிமையாளர்களான சிபிஎஸ், வார்னர் பிரதர்ஸ் இரண்டுமே தொடர் தயாரிப்பாளர்கள். அங்கே ஓடிய தங்கள் தொடர்களை வெளிநாடுகளுக்கும், 2011 ஒப்பந்தத்தின்படி நெட்ஃபிளிக்ஸுக்கும் விற்று ஈடுகட்டினார்கள். அந்த நெட்ஃபிளிக்ஸ் ஏற்பாடு முடிந்த சில ஆண்டுகளில், 2022-இல், 75 சதவீதப் பங்கு நெக்ஸ்டார் நிறுவனத்துக்குக் கைமாறியது. ஒளிபரப்பிய பின்னும் நிகழ்ச்சியின் உரிமை கையில் இருந்ததால்தான் அந்த ஏற்பாடு ஓடியது.

நம் சிறிய சேனல்களோ ஸ்லாட்டைத் தயாரிப்பாளருக்கு விற்றுவிட்டு, உரிமையையும் அவரிடமே விட்டுவிடுகின்றன. சொந்தமாக எடுத்ததையாவது காப்பாற்றினோமா என்றால், அதுவும் இல்லை. எங்கள் இரண்டாவது சேனலில் தெருக்கூத்துக் கலைஞர்கள், நாதஸ்வர வித்வான்கள் என்று நூற்றுக்கு மேற்பட்ட நேர்காணல்கள் மினிடிவி (MiniDV) வீடியோ கேசட்டுகளில் இருந்தன. புதிய கேசட் வாங்கப் பணமில்லாத ஓர் ஆண்டில் அவற்றின் மேலேயே தேர்தல் பொதுக்கூட்டங்களைப் பதிவு செய்தோம். இன்று யூடியூபில் அந்த நேர்காணல்களைத் தேடிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பொதுக்கூட்டங்களை யாரும் கேட்பதில்லை.

வேளாண் நிகழ்ச்சியின் கதை பாதியில் நிற்கிறது. அழைப்புகள் ஓயாததால், வரவேற்பறையில் 200 பக்க நோட்டு ஒன்றை வைத்து, ஊர், அழைத்த நேரம், கேட்ட கேள்வி மூன்றை மட்டும் எழுதச் சொன்னோம். ஆறு வாரத்தில் நோட்டு பாதிக்கு மேல் நிரம்பியது. டிஆர்பி தாளை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு, அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு விதை வியாபாரியைப் பார்க்கப் போனோம். அவர் பக்கங்களைப் புரட்டினார், ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார், பிறகு, 6.30-க்கு இவர்களில் பாதிப்பேர் வயலுக்குப் போயிருப்பார்களே என்று கேட்டார். பதின்மூன்று வாரத்துக்கு ஒப்பந்தம் போட்டார். நிகழ்ச்சி 5.30-க்கு மாறியது.